டிவிடியை கம்ப்யூட்டருக்கு மாற்றினால் படத்தில் கோடு விழுகிறது, ஆடியோ பின்தங்குகிறது, பேச்சும் சரியாகக் கேட்கவில்லை. என்ன செய்வது?

வேறு சாஃப்ட்வேர் போடுங்கள் என்று ஒருவரும், டிஸ்க் போயிருக்கும் என்று இன்னொருவரும் உங்களுக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள். இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். வீட்டில் பழைய டிவிடி பிளேயர் இன்னும் உயிரோடு இருக்கும் என்று நினைக்கிறேன். உங்களிடம் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருக்கும். டிஸ்க்கை அதில் போட்டு, டிவியில் ஒரு பத்து நிமிடம் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் டிஸ்க் மேல் பழி இல்லை. மாற்றும்போதுதான் ஏதோ கெட்டுப்போகிறது. ஆடியோவைச் சோதிக்கும்போது ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வயர் உள்ள ஹெட்ஃபோனில் கேளுங்கள். ப்ளூடூத்தே தன் பங்குக்குக் கொஞ்சம் தாமதம் சேர்க்கும்.

இதில் எனக்கு என்ன அக்கறை என்றால், இந்த ஆடியோ விவகாரத்தால் என் மகளுக்குக் கெட்ட பெயர் வந்தது.

அவளுடைய பரதநாட்டிய அரங்கேற்றம் 2007-ல் மும்பை செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சபாவில் நடந்தது. வீடியோ எடுத்தவர் இரண்டு டிவிடி கொடுத்தார். மூல டேப்பை அவரே வைத்துக்கொண்டார். பின்னால் கேட்டபோது அதன் மேல் யாரோ ஒருவர் கல்யாணத்தை எடுத்துவிட்டாராம். போகட்டும். சென்ற வருடம் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் அந்த டிஸ்க்கை பென் டிரைவில் போட்டு வாங்கி வந்தார் என் கணவர். அரங்கேற்றத்துக்கு வர முடியாமல் போன நாத்தனார் முலுண்டில் இருக்கிறார். முதல் காப்பி அவருக்குத்தான் போனது. இரண்டு நாள் கழித்து போன். எல்லாம் புகழ்ந்துவிட்டுக் கடைசியில், "வர்ணத்துல குழந்தைக்குத் தாளம் கொஞ்சம் ஆடித்தான் போயிடுத்து, இல்லையா?" என்றார்.

அவள் தாளம் விடவில்லை. மேடையில் தாளம் தட்டி நட்டுவாங்கம் செய்த டீச்சர், தாளத்தில் கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மேடையிலேயே முறைக்கிற ரகம். பென் டிரைவை நானே போட்டுப் பார்த்தேன். முதல் உருப்படியான அலாரிப்பு சரியாக இருந்தது. ஜதிஸ்வரத்தில் சின்ன சந்தேகம். வர்ணத்தில், ஜதிக் கோவையை முடித்து வைக்கும் தீர்மானத்தின் கடைசி மிதி விழுந்த பிறகு சலங்கை ஒலிக்கிறது. கடைசியில் வரும் தில்லானாவில் கேட்கவே வேண்டாம், யாரோ டப்பிங் கொடுத்த மாதிரி. அதே டிஸ்க்கைப் பழைய பிளேயரில் போட்டால் காலும் சலங்கையும் ஒன்றாகவே விழுகின்றன. நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இன்ஜினியர் இல்லை. ஆனால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று தேடுவது முப்பது வருடத் தொழில்.

ஆடியோ விலகல் மூன்று விதம். உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே அளவு தள்ளியிருந்தால் அது நிலையான தாமதம். விஎல்சி (VLC) பிளேயரில் ஜே, கே பொத்தான்களை அழுத்தி ஆடியோவை முன்பின் நகர்த்திப் பார்த்து, எத்தனை மில்லிசெகண்ட் என்று குறித்துக்கொண்டு, எம்கேவி டூல்நிக்ஸ் (MKVToolNix) என்ற சாஃப்ட்வேரில் அந்த எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. மறுபடி மாற்றக்கூட வேண்டாம். ஓர் இடம் வரை சரியாக இருந்து திடீரென்று குதித்தால் அங்கே டிஸ்க் சரியாகப் படிக்கப்படவில்லை. கீறலாக இருக்கலாம், டிஸ்க்கில் பதிவைத் தாங்கும் சாயம் மங்கியிருக்கலாம். மூன்றாவது எங்களுடையது, போகப் போக வளர்வது.

அது ஏன் வளர்கிறது? டிவிடிக்குள் வீடியோ டிஎஸ் (VIDEO_TS) என்ற ஃபோல்டரில் படம் ஒவ்வொன்றும் ஒரு ஜிபிக்கு மேல் போகாத விஓபி (VOB) கோப்புகளாக நறுக்கி வைக்கப்பட்டிருக்கும். எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது, எதற்குப் பிறகு எது என்ற விவரம் ஐஎஃப்ஓ (IFO) என்ற சின்னக் கோப்புகளில் இருக்கிறது. பிளேயர் அதைப் படித்து ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் படத்தையும் ஒலியையும் புதிதாகச் சேர்த்துப் பிடிக்கிறது. கடைக்காரர் விஓபிகளை மட்டும் இழுத்து ஒன்றாக ஒட்டிவிட்டார். நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். டிவிடியில் வரும் ஏசி3 (AC3) வகை ஒலியின் ஒரு ஃப்ரேம் 32 மில்லிசெகண்ட். ஒரு பகுதி முடியும் இடத்தில் இரண்டும் சமமாக முடிவது அபூர்வம். ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் மிச்சம் விழுகிறது, அடுத்த ஒட்டில் இன்னும் கொஞ்சம். அரங்கேற்ற டிவிடியில் ஒவ்வொரு உருப்படியும் ஒரு தனிப் பகுதி. சபாவில் பின்வரிசையில் இருப்பவருக்கு அந்த மிச்சம் தெரியாது. சலங்கைக்குத் தெரியும்.

அதனால் விஓபியைத் தொடாதீர்கள். மேக்எம்கேவி (MakeMKV) போன்ற சாஃப்ட்வேர் ஒன்றில் டிஸ்க்கைத் திறந்தால் அது ஐஎஃப்ஓவைப் படித்து, டைட்டில் டைட்டிலாக எம்கேவி கோப்பு எடுத்துக் கொடுக்கும். இதில் எதுவும் மறுபடி சுருக்கப்படுவதில்லை, டிஸ்க்கில் உள்ள தரம் அப்படியே வரும். இந்த எம்கேவியில் ஒலி சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கோப்பைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் (HandBrake) சாஃப்ட்வேர் பக்கம் போக வேண்டும். எடுப்பது ஒரு வேலை, சுருக்குவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே பட்டனில் செய்தால் தப்பு எங்கே நடந்தது என்று கடைசிவரை தெரியாது. ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருந்தால் சுருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு டிஸ்க் 4.7 ஜிபி, இரட்டை அடுக்கு என்றாலும் 8.5 ஜிபிதான்.

சுருக்கத்தான் வேண்டும் என்றால் கோடு பிரச்சினைக்கு வருவோம். நீங்கள் சொன்ன அந்தச் சீப்புப் பல் கோடு கோளாறு இல்லை. பால் டிவிடியில் படம் 720×576. கேமராவில் எடுத்ததில் ஒரு ஃப்ரேமுக்குள் இரண்டு அரைப்படங்கள் வரிவிட்டு வரி பின்னிக் கிடக்கின்றன. விநாடிக்கு 25 ஃப்ரேம், ஆனால் 50 அரைப்படங்கள். பழைய குழாய் டிவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டுவதால், அசையும் கையில் கோடு விழுகிறது. ஹேண்ட்பிரேக்கில், இந்தப் பின்னலைப் பிரிக்கும் டீஇன்டர்லேஸ் (Deinterlace) பகுதியில் சும்மா டீஃபால்ட் ப்ரீசெட்டைக் கொடுத்தால் கோடு போகும், ஆனால் 25 ஃப்ரேம்தான் மிஞ்சும், அசைவில் பாதி போய்விடும். அதே இடத்தில் பாப் (Bob) என்ற ப்ரீசெட்டைத் தேர்ந்தெடுத்து, ஃப்ரேம் ரேட்டை 50 என்று வையுங்கள். வேகமான மூன்றாம் காலத்தில் என் மகளின் விரல்கள் எப்படிப் போகின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. சினிமா டிவிடிக்கு இது பொருந்தாது. அங்கே மூலமே விநாடிக்கு 24 ஃப்ரேம்.

தரத்துக்கு கான்ஸ்டன்ட் குவாலிட்டி என்ற இடத்தில் ஆர்எஃப் (RF) எண் 18 முதல் 20 வரை வையுங்கள். எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். படத்தை 1080 என்ற ஹெச்டி அளவுக்கு இழுக்காதீர்கள், இல்லாத விவரம் எங்கிருந்தும் வராது. கடைக்காரர் 4:3 படத்தை அகல டிவிக்கு நிரப்பி இழுத்திருந்தார். மேடையில் எல்லோருக்கும் பத்துக் கிலோ கூடியிருந்தது. உருவம் அப்படித் தெரிந்தால் ஆஸ்பெக்ட் விகிதத்தை, அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தைப் பாருங்கள். இருட்டான பின்திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் மட்டும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது, அது டிஸ்க்கிலேயே இருக்கிறது. மூன்று மணி நேரத்தை ஒரு 4.7 ஜிபி டிஸ்க்கில் திணித்தால் படம், ஒலி எல்லாம் சேர்த்து விநாடிக்கு மூன்றரை மெகாபிட்தான் கிடைக்கும். டிவிடி வீடியோவின் உச்சவரம்பு 9.8. பட்டுப்புடவை ஜரிகையும் மேடை விளக்கும் அந்த மூன்றரைக்குள் அடங்குமா? எங்களுக்கு இரண்டு டிஸ்க்கில் கொடுத்தார், அந்த வரையில் வீடியோக்காரருக்கு நன்றி.

இடையில் ஒன்று. இந்த டிஸ்க்குகளை எல்லாம் நாங்கள் எடுத்ததற்கே காரணம் எங்கள் பில்டிங் ரீடெவலப்மென்ட், பழையதை இடித்துவிட்டு பில்டர் புதிதாகக் கட்டுவது. மும்பையில் இருப்பவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. நாற்பது வருட வீட்டைப் பதினோரு மாத அக்ரிமென்ட் வாடகை வீட்டுக்குள் அடைக்க வேண்டும். சாவியை வாங்கும்வரை தினமும் போன் செய்த பில்டரின் ஆள், அவர்கள் தர வேண்டிய வாடகைச் செக் தாமதமானதிலிருந்து எடுப்பதில்லை. சொசைட்டி மீட்டிங்கில் கேட்டால் "ஆன்ட்டி, நம்பிக்கை வேணும்" என்கிறார் செயலாளர். அவர் சொந்த ஃபிளாட் வேறு இடத்தில் வைத்திருக்கிறார், அவருக்கு நம்பிக்கை வரும். சரி, விடுகிறேன்.

சினிமா டிவிடியில் பேச்சு கேட்காததற்குக் காரணம் 5.1 ஒலி, அதாவது ஆறு சேனலாகப் பிரித்த ஒலி. பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரின் சேனலில் இருக்கிறது. அதை இரண்டு ஸ்பீக்கருக்கு மடக்கும்போது பாட்டும் சண்டையும் அதை அமுக்கிவிடுகின்றன. டிஸ்க்கில் ஸ்டீரியோ டிராக் தனியாக இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் ஹேண்ட்பிரேக்கின் ஆடியோ பக்கத்தில் டிஆர்சி (DRC) என்று ஒரு குமிழ் இருக்கும், 1.5 முதல் 2.5 வரை வைத்துப் பாருங்கள். உரத்த இடங்கள் தணிந்து மெல்லிய இடங்கள் எழும். ஆனால் கச்சேரி, நாட்டியம் என்றால் அதைத் தொடவே கூடாது. மிருதங்கத்தின் மெல்லிய சொல்லும், இடக்கையில் எழும் கும்கி என்ற முழக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். அங்கே ஏசி3 பாஸ்த்ரூ (Passthru) என்று கொடுத்துவிட்டால் ஒலி அப்படியே போகும். பழைய படப் பாட்டு கொஞ்சம் சுருதி ஏறிக் கேட்டால் பதறாதீர்கள். 24 ஃப்ரேம் படத்தை பால் டிவிடிக்காக 25-ல் ஓட்டினால் வேகம் நான்கு சதவீதம் கூடும், சுருதியும் ஓர் அரைச்சுரத்தில் முக்கால் பங்கு போல ஏறும். உங்கள் மாற்றத்தில் நடந்தது இல்லை அது.

இப்போது "பைரசி சொல்லித் தருகிறார்கள்" என்று ஒருவர் கீழே கமென்ட்டில் வருவார், எதிர்பார்க்கிறேன். வீட்டு விசேஷ டிஸ்க்கில் பூட்டே கிடையாது, அதை எடுக்க யாரிடமும் அனுமதி வேண்டாம். கடையில் வாங்கிய சினிமா டிஸ்க்கில் பூட்டு இருக்கலாம். 2012 திருத்தத்தில் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தில், இப்படிப்பட்ட பூட்டை உடைப்பது பற்றி 65ஏ என்ற பிரிவு சேர்ந்திருக்கிறது, படித்துவிட்டு உங்கள் பொறுப்பில் செய்யுங்கள். நான் வக்கீலும் இல்லை. நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளேன் என்று சொல்கிறவர்களுக்கு: என் மகளின் அரங்கேற்றம் எந்தத் தளத்திலும் இல்லை.

டிஸ்க் படிக்கவே திணறினால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம். பிறகு வேறு டிரைவில் போடுங்கள். யுஎஸ்பியில் செருகும் மெலிந்த டிரைவ் மறுத்த எங்கள் இரண்டாவது டிஸ்க்கை, லாமிங்டன் ரோட்டில் வாங்கிய பழைய டெஸ்க்டாப் டிரைவ் சத்தமில்லாமல் படித்தது. எதிலும் முழுதாக வராவிட்டால் டிடிரெஸ்க்யூ (ddrescue) என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போகும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம்.

மாற்றி முடித்ததும் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள், தப்பு அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கோப்பு இரண்டு வெவ்வேறு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். டிவிடியைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் வாடகை வீட்டில் இடமில்லை, போட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். அந்தப் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.