பதில்: கறுப்பின வரலாற்றுக் காலக்கோடு, ஆப்பிரிக்காவையும் அமெரிக்காவையும் எப்படி இணைப்பது?

வணக்கம். மகளின் பள்ளிக் காலக்கோட்டில் மார்ட்டின் லூதர் கிங்கும் மண்டேலாவும் தனித்தனியாக நிற்கிறார்கள், நடுவில் தொடர்பே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். தொடர்பு நிறையவே இருக்கிறது.

1945 அக்டோபரில் மான்செஸ்டரில் நடந்த ஐந்தாவது பான்-ஆப்பிரிக்க மாநாட்டிலிருந்து (உலகெங்கும் உள்ள ஆப்பிரிக்க வம்சாவளியினரை ஒன்றிணைக்கும் இயக்கத்தின் மாநாடு) தொடங்குங்கள். டிரினிடாடின் எழுத்தாளர் ஜார்ஜ் பேட்மோர், அமெரிக்காவின் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், பின்னாளில் கானாவையும் கென்யாவையும் ஆண்ட நிக்ருமா, கென்யாட்டா எல்லோரும் அங்கே ஒன்றாக இருந்தார்கள். பாடப்புத்தகங்கள் இதை ஏன் தாண்டிப் போகின்றன என்பது எனக்குப் புரிவதே இல்லை.

அடுத்து 1957 மார்ச் 6, கானா விடுதலை. அமெரிக்காவில் பேருந்துகளில் இருந்த இனப்பாகுபாட்டை எதிர்த்து கிங் தலைமையில் நடந்த மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு வென்று சில மாதங்களே ஆகியிருந்தன. விடுதலை விழாவுக்கு கிங் நேரில் கானா தலைநகர் அக்ரா போனார். டு பாய்ஸால் போக முடியவில்லை, அமெரிக்க அரசு பாஸ்போர்ட் தரவில்லை. அப்புறம் 1961-ல் கானாவிலேயே குடியேறி, 1963 ஆகஸ்ட் 27 அன்று அங்கேயே காலமானார். மறுநாள்தான் கறுப்பினத்தவரின் சம உரிமைக்கான வாஷிங்டன் பேரணி. இறந்த செய்தியை அந்த மேடையிலேயே அறிவித்தார்கள். இந்த இரண்டு தேதிகளையும் அவசியம் அடுத்தடுத்துப் போடுங்கள்.

1960-ல் விடுதலை பெற்ற 17 ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஒரே வரி போதும்.