சிறந்த ஃபுல்பேக்கை ஃபைவ்-எய்த் இடத்துக்கு மாற்றலாமா?

நன்றாக ஆடும் ஃபுல்பேக்கை ஃபைவ்-எய்த் ஆக்கும் பேச்சு எழுந்தாலே ரக்பி லீக் ரசிகர்கள் இரண்டுபட்டு நிற்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு இடங்களும் கேட்கும் திறன்கள் வெவ்வேறு என்பதே காரணம். 1ஆம் எண் சட்டை அணியும் ஃபுல்பேக், பின்னால் நின்று ஆட்டம் முழுவதையும் கவனித்து, உதைத்து வரும் பந்தைப் பிடித்து, இடைவெளி தெரிந்த கணத்தில் வேகமெடுத்து நுழைபவர். 6ஆம் எண் ஃபைவ்-எய்த்தோ எதிரணியின் தற்காப்பு வரிசைக்கு அருகில் பந்தை வாங்கி நொடியில் முடிவெடுப்பதோடு, தன்னைக் குறிவைத்து ஓடிவரும் கனத்த வீரர்களை மடக்கவும் வேண்டும்.

ஆஸ்திரேலிய வீரர் டேரன் லாக்யர், உலகின் சிறந்த வீரருக்கான கோல்டன் பூட் விருதை 2003இல் ஃபுல்பேக்காக வென்றவர். 2004இல் பிரிஸ்பேன் பிராங்கோஸ் அணி அவரை ஃபைவ்-எய்த் ஆக்கியது. 2006இல் அந்த இடத்திலிருந்தும் அதே விருதைப் பெற்றார். அவ்வாண்டு, குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் ஆகிய ஆஸ்திரேலிய மாநில அணிகள் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரின் மூன்றாம் ஆட்டத்தில் குயின்ஸ்லாந்துக்காக ஆடிய அவர், நியூ சவுத் வேல்ஸ் வீரர் கொடுத்த பாஸ் தவறித் தரையில் உருண்டபோது, பாய்ந்து எடுத்து டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி பெறுவது) போட்டார். குயின்ஸ்லாந்து 16-14 என வென்றது. பந்து எங்கே போகும் என்று முன்கூட்டியே உணரும் அந்த மோப்பம், என் பார்வையில், ஃபுல்பேக்காக ஆடிய ஆண்டுகளில் ஊறியது. ஆனாலும், கார்மைக்கேல் ஹன்ட் போன்ற திறமையான இளைஞர் ஒருவர் ஃபுல்பேக் இடத்தை நிரப்பக் கிடைத்திராவிட்டால், அந்த மாற்றத்தை நானே எதிர்த்திருப்பேன்.