நியூசிலாந்தை இரண்டு வாரத்தில் காரில் சுற்ற எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: டிசம்பர் கடைசியில் இரண்டு வார விடுமுறை, கூடவே பள்ளி செல்லும் பிள்ளைகள், வாடகைக் காரில் நியூசிலாந்தைச் சுற்ற வேண்டும். மலை, ஏரி, அருவி மட்டும் போதாது, வேறெங்கும் பார்க்க முடியாத விநோதங்களும் வேண்டும்.

வரைபடத்தில் புள்ளி வைப்பதற்கு முன்னால் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருக்கப் போகும் நாட்களில் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும்? சூரியன் எத்தனை மணிக்கு மறையும்? அமாவாசை என்றைக்கு? நான் இங்கே வசிப்பவன். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பாகவே ஆகிவிட்டது. தூரத்தைக் கூட்டிக் கழித்துப் போட்ட பட்டியலோடு வருகிறவர்கள் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் பாதி இடங்களில் பார்க்க வேண்டியதைப் பார்ப்பதில்லை. இங்குள்ள அரிய காட்சிகள் பலவற்றுக்கும் நேரம் காலம் உண்டு. நவதிருப்பதிக்குக் கிளம்புகிறவர் எந்தக் கோயிலில் நடை எப்போது சாத்துவார்கள் என்று விசாரித்துக்கொண்டு கிளம்புவதைப் போலத்தான் இங்கேயும் கிளம்ப வேண்டும்.

இரண்டு வாரத்தில் வடக்குத் தீவுக்கு நான்கு இரவும், மிச்சம் அத்தனையும் தெற்குத் தீவுக்கும் ஒதுக்குங்கள் என்பேன். ஆக்லாந்தில் இறங்கி கிறைஸ்ட்சர்ச்சில் விமானம் ஏறினால் திரும்பி வரும் அலைச்சல் இல்லை. காரை வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். கொடுத்துவிடலாம், இரண்டு நாள் மிச்சமாகும்.

முதல் நாள் கோரமண்டல் தீபகற்பத்தில் இருக்கும் ஹாட் வாட்டர் பீச். ஆக்லாந்திலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகும். கடற்கரை மணலுக்கு அடியில் வெந்நீர் ஊற்று ஓடுகிறது. மண்வெட்டியால் குழி தோண்டி, ஊறிவரும் சுடுநீரில் குடும்பத்தோடு உட்கார்ந்துகொள்ளலாம். மண்வெட்டியை அங்கேயே வாடகைக்குக் கொடுக்கிறார்கள். நீர் 64 டிகிரி வரைக்கும் சுடும், ஆகவே பிள்ளைகளை இறக்கும் முன் கையால் தொட்டுப் பாருங்கள். அலை கொண்டுவரும் கடல்நீரைக் கொஞ்சம் கலந்துவிட்டால் பதமாகிவிடும். கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு இரண்டு மணி நேரம்தான் இது கிடைக்கும். மற்ற நேரத்தில் போனால் அது இன்னொரு கடற்கரை, அவ்வளவுதான். அங்கே கடலில் இறங்கி நீந்த வேண்டாம், இழுப்பு பலமாக இருக்கும்.

அங்கிருந்து ரோட்டோருவா. ஊருக்குள் நுழையும்போதே கந்தக வாடை வரவேற்கும், அரை நாளில் மூக்கு பழகிவிடும். அதற்குத் தெற்கே அரை மணி நேரத் தூரத்தில் வை ஓ டாப்பு என்ற வெந்நீர்ப் பகுதி. அங்குள்ள லேடி நாக்ஸ் ஊற்று தினமும் காலை 10.15 மணிக்குப் பீறிடும். இயற்கை இத்தனை கறாராக மணி பார்க்குமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஊழியர் ஒருவர் வந்து ஊற்றின் வாய்க்குள் சோப்புப் பொருளைப் போடுகிறார். மேலே ஆறிய நீரும் கீழே கொதிநீரும் தனித்தனி அடுக்காகத் தேங்கி நிற்கின்றன. சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைத்ததும் இரண்டும் கலந்துவிடுகின்றன. முதலில் நுரை பொங்கி வழியும், பிறகு உறுமல், அடுத்து பத்து இருபது மீட்டர் உயரத்துக்கு நீர் எழும். ஒரு நூற்றாண்டுக்கு முன் இங்கே சிறைக் கைதிகள் வெந்நீரில் துணி துவைத்தபோது சோப்பு விழுந்து ஊற்று பொங்கியதில்தான் இந்த வித்தையே தெரியவந்தது. பார்த்து முடித்ததும் காரில் திரும்பி வந்து ஷாம்பெயின் குளத்தைப் பாருங்கள். ஆர்சனிக், ஆன்டிமனி சேர்மங்கள் படிந்த ஆரஞ்சு நிற விளிம்பு, நடுவே பச்சை நீர், மேலே ஆவி. கேமராவில் வரும் நிறம் நேரில் காண்பதற்கு ஈடில்லை.

வழியில் இருக்கும் வைட்டோமோ குகையை விட்டுவிடாதீர்கள். படகில் உட்கார்ந்து, விளக்கே இல்லாமல், பேச்சும் இல்லாமல் போக வேண்டும். தலைக்கு மேலே பாறைக் கூரை முழுக்க நீலப்பச்சை ஒளிப்புள்ளிகள். அவை ஒரு வகைச் சிறு ஈயின் புழுக்கள். ஒவ்வொரு புழுவும் பசை முத்துகள் கோத்த நூல்களைக் கீழே தொங்கவிட்டு, வெளிச்சத்தை நம்பிப் பறந்து வரும் பூச்சிகளைப் பிடித்துத் தின்கிறது. அதிகம் பசித்த புழு அதிகமாக ஒளிரும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. அது நல்லதுதான் என்பது என் கருத்து. எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

வடக்குத் தீவின் சிற்றூர்களுக்கு ஒரு தனிக் குணம் உண்டு: தங்கள் ஊரின் அடையாளத்தைப் பிரம்மாண்டமாகச் செய்து சாலையோரம் நிறுத்திவிடுவார்கள். டிராவ் ஊரில் தகரத் தகட்டால் செய்த நாய் உருவமே ஒரு கட்டடம், பக்கத்திலேயே தகர ஆடு. ஒஹாக்குனேயில் வீட்டு உயரத்துக்கு ஒரு கேரட் நிற்கிறது. ஒரு வங்கியின் தொலைக்காட்சி விளம்பரத்துக்காகச் செய்த பொம்மை அது, பிறகு ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். சுற்றுவட்டாரத்தில் கேரட் விளைச்சல் அதிகம். இவற்றுக்காக வழியை மாற்ற வேண்டாம். வழியில் வந்தால் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள், பிள்ளைகளுக்குக் கால் நீட்டவாவது ஆகும்.

விநோதம் என்று தேடிப் போக வேண்டுமானால் ஆக்லாந்துக்கு வடக்கே மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கும் கவாகவாவுக்குப் போகலாம். அங்கே பார்க்க வேண்டியது ஊர்ப் பொதுக் கழிப்பறை. ஆஸ்திரியாவில் பிறந்து இந்தப் பக்கத்தில் குடியேறிய ஓவியர் ஹுண்டர்ட்வாசர் வடிவமைத்து 1999இல் திறந்தது. சுவரில் கண்ணாடிப் பாட்டில்களைப் பதித்து ஜன்னலாக்கியிருக்கிறார்; வெயில் விழும்போது தரையெல்லாம் பச்சையும் பழுப்புமாக ஒளி. தூண்கள் வண்ண மண்பாண்டங்களை அடுக்கியது போல் இருக்கும், தரை அலையலையாக மேடும் பள்ளமுமாக இருக்கும், கூரையில் புல். இடத்தில் இருந்த மரத்தை வெட்டாமல் கட்டடத்துக்குள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறார். அதே ஊரின் கடைத்தெரு நடுவே தண்டவாளம் போகிறது, பழைய ரயில் ஒன்று சாலையில் போகும் கார்களுக்கு நடுவே ஊர்கிறது. இரண்டு நாள் கூடுதலாக இருந்தால் மட்டும் இதைச் சேருங்கள்.

வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் தமிழர் எவரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு பொருள் இருக்கிறது. வெண்கலத்தில் வார்த்த கப்பல் மணியின் உடைந்த மேற்பகுதி. அதன் விளிம்பைச் சுற்றிப் பழந்தமிழ் எழுத்துகள்: முகையதீன் என்பவருடைய கப்பலின் மணி என்று பொருள். வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ மிஷனரி 1836 வாக்கில் வடக்கே வங்காரேய் பக்கம் போனபோது, இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதை உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பெருங்காற்றில் சாய்ந்த மரத்தின் வேருக்கடியில் கிடைத்ததாகச் சொன்னார்கள். தமிழ் எழுத்துப் பொறித்த மணி பசிபிக் கடலின் இந்த மூலைக்கு எப்படி வந்தது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. போவதற்கு முன் அருங்காட்சியகத்துக்கு எழுதி, மணி காட்சியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வெலிங்டனிலிருந்து பிக்டனுக்குக் காரோடு கப்பலில் ஏறலாம், மூன்றரை மணி நேரம் ஆகும். டிசம்பரில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு, மாதங்களுக்கு முன்பே டிக்கெட் எடுத்துவிடுங்கள். சில வாடகை நிறுவனங்கள் காரைக் கடல் தாண்டிக் கொண்டுபோக விடாமல், இந்தக் கரையில் விட்டுவிட்டு அந்தக் கரையில் வேறு கார் எடுக்கச் சொல்வார்கள். ஒப்பந்தத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.

தெற்குத் தீவில் மேற்குக் கரை வழியாக இறங்கி, கிழக்குக் கரை வழியாக ஏறுங்கள். புனகைக்கியில் சுண்ணாம்புப் பாறைகள் தோசை அடுக்கியது மாதிரி நிற்கும். அங்கே மட்டும் கணக்கு தலைகீழ்: கடல் முழுதாக ஏறும் நேரத்துக்குப் போக வேண்டும். அப்போதுதான் பாறைத் துளைகள் வழியே அலை சீறிக்கொண்டு மேலெழும். பிறகு பனியாறுகளைக் கடந்து ஹாஸ்ட் போகும் சாலையில் ஏறக்குறைய 120 கி.மீ.க்கு பெட்ரோல் பங்க் கிடையாது. ஃபாக்ஸ் கிளேசியரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

செங்குத்து மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நிற்கும் மில்ஃபோர்ட் சவுண்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். மழை பெய்தால் பயணத்தை ரத்து செய்யாதீர்கள். அங்கே ஆண்டுக்கு 6,000 மி.மீ.க்கு மேல் மழை, சென்னையைப் போல நான்கு மடங்கு. மழை நாளில்தான் நிரந்தர அருவிகளோடு நூற்றுக்கணக்கான தற்காலிக அருவிகளும் பாறைச் சுவரில் இறங்கும். ஹோமர் சுரங்கத்தின் வாசலில் சிக்னலுக்குக் காத்திருக்கும்போது கியா என்ற மலைக்கிளிகள் கார் மேல் வந்து உட்காரும். ஜன்னல் ரப்பரைப் பிடுங்கித் தின்னப் பார்க்கும். எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள், அது அவற்றின் உயிருக்கே கெடுதல். மணல் ஈ கடிக்கும், களிம்பு கையோடு இருக்கட்டும்.

டனீடினில் பால்ட்வின் தெரு, உலகிலேயே செங்குத்தான தெரு என்று கின்னஸ் பட்டம் பெற்றது. 2019இல் வேல்ஸ் நாட்டுத் தெரு ஒன்று பட்டத்தைப் பறித்தது, மறு ஆண்டே திரும்பி வந்துவிட்டது. மேல்பாதியில் 2.86 மீட்டர் முன்னே போனால் 1 மீட்டர் ஏறிவிடுவீர்கள். வெயிலில் தார் இளகிக் கீழே வழிந்துவிடும் என்பதால் அங்கே கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். காரைக் கீழே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள், அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள்.

அடுத்து, இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம்: மொயராக்கி. கடற்கரையில் ஆள் இடுப்புக்கும் மேலாக உருண்டைக் கற்கள், சில இரண்டு மீட்டர் விட்டம். யாரோ செதுக்கி உருட்டிவிட்டது போல அத்தனை வட்டம். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேற்றில் ஒரு மையத்தைச் சுற்றிக் கால்சைட் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து இறுகியவை. பெரிய கல் ஒன்று உருவாக 40 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கிறது. கரைமேட்டை அலை அரிக்க அரிக்க ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. பிளந்த கல் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: உள்ளே சாம்பல் நிறச் சேற்றுக்கல், அதை வெட்டிக்கொண்டு ஓடும் தேன் நிறக் கால்சைட் நரம்புகள். இவை கவிழ்ந்த முன்னோர் படகிலிருந்து கரை ஒதுங்கிய கூடைகளும் சுரைக்குடுவைகளும் என்பது மாவோரி மரபுக் கதை. கடல் வற்றியிருக்கும்போது, முடிந்தால் விடியற்காலையில் போங்கள். கடல் ஏறியிருந்தால் பல கற்கள் நீருக்குள் மறைந்துவிடும்.

அன்றிரவே ஓமரூவில் தங்குங்கள். உலகின் மிகச் சிறிய பென்குயின்கள், ஒரு கிலோ எடைதான், நாளெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு இருட்டியதும் கும்பல் கும்பலாகக் கரையேறும். டிசம்பரில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகும், ஆகவே பிள்ளைகளை மதியம் தூங்க வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக டெக்காப்போ ஏரி. அமாவாசையை ஒட்டிய இரவு அங்கே வாய்க்கும்படி முழுப் பயணத்தையும் முன்பின்னாக நகர்த்தினாலும் தகும். இரவு வானத்தைக் காக்கும் பகுதியாக 2012இல் அறிவிக்கப்பட்ட இடம் அது. பால்வீதி மலையிலிருந்து மலைக்கு நீளும்.

சாலை பற்றி: இடப்பக்க ஓட்டம்தான், நமக்குப் பழகியது. வேக வரம்பு 100 என்று போட்டிருக்கும். வளைவுகளில் சராசரி 70 கிடைத்தாலே அதிகம். ஒருவழிப் பாலங்களில் சிவப்புச் சிறு அம்பு உங்கள் பக்கம் இருந்தால் நின்று வழிவிட வேண்டும். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி விடுங்கள், ஊர்க்காரர்கள் வேலைக்குப் போகிறார்கள்.

சமையலறை உள்ள மோட்டல்களாகப் பாருங்கள், சாதம் வடித்துக்கொள்ளலாம். முறுக்கு, பொடி, ஊறுகாய் எதைக் கொண்டுவந்தாலும் விமான நிலையப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள், எழுதாமல் விட்டால் 400 டாலர் அபராதம். கறிவேப்பிலையும் பழமும் வேண்டாம். மலையேறும் காலணி இருந்தால் மண் ஒட்டாமல் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் வையுங்கள், அதையும் எடுத்துப் பார்ப்பார்கள்.