தென்கச்சியார் குரலில் ரீமிக்ஸ்: கிளெய்ம் வந்தால் புரோக்கரிடம் போகாதீர்கள்

கேள்வி: 'இன்று ஒரு தகவல்' புகழ் தென்கச்சி கோ. சுவாமிநாதன் ஐயா டிவியில் பேசிய பழைய பதிவை வெட்டி, எங்கள் ஊர் ஜமாப் மேள அடியோடு கோத்து ஒரு ரீமிக்ஸ் செய்தேன். யூடியூபில் போட்டதும் 'காப்பிரைட் கிளெய்ம்' வந்துவிட்டது. கேஸ் ஆகுமா? எட்டாயிரம் கொடுத்தால் எடுத்துத் தருவதாக ஈரோட்டில் ஒருவர் சொல்கிறார்.
- வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: பயப்படாதீங்க. வந்திருப்பது கிளெய்ம், ஸ்டிரைக் அல்ல. கிளெய்ம் என்றால் விளம்பரக் காசு உரிமைக்காரருக்குப் போகும், இல்லாவிட்டால் வீடியோ முடக்கப்படும், அவ்வளவுதான். ஸ்டிரைக்தான் ஆபத்து: உரிமைக்காரர் கேட்டு வீடியோவை நீக்கும்போது சேனல் மேல் விழும் எச்சரிக்கை அது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

எட்டாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் செய்யப்போவது 'டிஸ்பியூட்' (மறுப்பு) பொத்தானை அமுக்கி நாலு வரி எழுதுவது. அது இலவசம். உரிமைக்காரருக்குப் பதில் சொல்ல 30 நாள் உண்டு. அதற்குள் புரோக்கர் உங்கள் காசை வாங்கிவிடுவார். உரிமைக்காரர் மறுத்தால் 'அப்பீல் போடலாம்' என்பார். அப்போது உரிமைக்காரர் வீடியோவையே நீக்கச் சொன்னால், சும்மா கிடந்த கிளெய்ம் ஸ்டிரைக் ஆகிவிடும். இதில் சிலர் ஜிமெயில் பாஸ்வேர்டும் கேட்கிறார்கள். கொடுக்கவே கூடாது. 'ரீமிக்ஸை உங்கள் பேரில் பதிவு பண்ணிடலாம்' என்பது இன்னொரு வலை. ஒலிப்பதிவுக்கு அரசுக் கட்டணம் 2,000 ரூபாய்தான். ஆனால் உள்ளே அடுத்தவர் பதிவு இருக்கும்வரை அந்தச் சான்றிதழால் பயனில்லை.

'25 வருசம் ஆச்சுன்னா ஃப்ரீ' என்றும் சொல்வார்கள். பாதி உண்மை என்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். 25 ஆண்டு என்பது ஒளிபரப்பு செய்தவருக்கு, அந்த ஒளிபரப்பின் மேல் உள்ள உரிமை. அது முடிந்தாலும், நிகழ்ச்சியின் பதிவுக்கு 60 ஆண்டு உரிமை தனியாக நிற்கிறது. பேசியவருக்கு உள்ள உரிமை 50 ஆண்டு. அவர் எழுதிய உரை என்றால் இறந்து 60 ஆண்டு. ஐயா 2009-ல் காலமானார், ஆக 2069 வரை. ஒன்று தீர்ந்தால் எல்லாம் தீர்ந்தது என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

அன்பினால்தான் செய்தீர்கள், எனக்குப் புரிகிறது. நம் சட்டத்தில் விமர்சனத்துக்கு இடம் உண்டு, அன்புக்கு இல்லை. 2012-ல் அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ், குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃபிரெட் ராஜர்ஸ் பேச்சை ரீமிக்ஸ் கலைஞர் ஜான் பாஸ்வெல்லைக் கொண்டு பாட்டாக்கி வெளியிட்டது. உரிமையை வைத்திருப்பவர்களே முன்வந்தால் இப்படி நடக்கும். இங்கே ஒரு நிமிடத் துண்டுக்கு அனுமதி கேட்க எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரிவதில்லை. மெயில் போட்டால் பதில் வராது, யூடியூபில் முறையிட்டால் மெஷின்தான் பதில் சொல்கிறது. சின்ன ஆள் புரோக்கரிடம் போய் விழுவது இதனால்தான். எனக்கு இதில் ஆத்திரமே வருகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: காசுதான் போகிறது என்றால் வீடியோவை அப்படியே விடுங்கள். முடக்கியிருந்தால் நீங்களே அழித்துவிடுங்கள், கிளெய்மும் சேர்ந்து போய்விடும். டிஸ்பியூட் வேண்டாம். அப்புறம் தென்கச்சியார் சொன்ன நாட்டுப்புறக் கதைகளில் ஒன்றை எடுத்து, அவர் வாக்கியத்தைத் தொடாமல், உங்கள் சொந்தக் குரலில் கோபிப் பேச்சிலேயே சொல்லி ஜமாப்போடு சேருங்கள். பழைய கதைக்கு யாரும் உரிமை கோர முடியாது. ஜமாப் அடித்தவர்களிடம் மட்டும், கூலி எவ்வளவு, யூடியூபில் போடச் சம்மதமா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்றுங்கள்.