காயக் காயத் தானே வளையும் மரம்: கேள்வி பதில்

தானாக உருவெடுக்கும் கட்டுமானப் பொருட்கள் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: அக்கா, துண்டுகளைப் போட்டால் தாமே சேர்ந்து வீடாகிவிடும் என்கிறார்களே, நிஜமா?

ப: வீடு இல்லை தம்பி, குட்டி நாற்காலி. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஸ்கைலர் டிபிட்ஸ் ஆய்வகத்தில் 6 துண்டுகளை நீர்த்தொட்டியில் சுழலவிட்டார்கள். ஒவ்வொன்றும் தன் ஜோடியோடு மட்டுமே சேரும்படி அமைப்பு. முட்டி மோதி 7 மணி நேரத்தில் நாற்காலி ஆனது; அளவு 15 செ.மீ. கட்டடமாகவே எழுந்து நிற்பது மரத்தில்தான்.

கே: மரமா? மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கதவையே திறக்க முடிவதில்லை!

ப: அதே குணம்தான் இங்கே வேலை செய்கிறது. ஈரத்தில் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இழைக்குக் குறுக்கே நிறைய, நெடுக்கே மிகக் கொஞ்சம். இழை ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி இரண்டு பலகைகளை ஒட்டிக் காயவிட்டால், ஒன்று சுருங்கப் பார்க்கும், மற்றது விடாது. வளைந்துதான் ஆக வேண்டும். கொடைக்கானலில் பொறுக்கிய பைன் காய் காய்ந்ததும் விரிவது இதே கணக்கு.

ஷ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் அகிம் மெங்கஸ் குழு ஜெர்மனியின் ஊர்பாக்கில் 2019-ல் எழுப்பிய 14 மீட்டர் கோபுரம் இப்படி வந்ததுதான். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் பலகைகளைத் தட்டையாக ஒட்டி உலர்த்தும் அறையில் வைத்தார்கள். ஈரப்பதம் 22 சதவீதத்திலிருந்து 12-க்கு இறங்க, முன்பே கணித்த வளைவு வந்தது. வளைக்க அச்சும் இல்லை, அழுத்தும் இயந்திரமும் இல்லை. ஆசாரிகள் காலங்காலமாகக் குறை என்று ஒதுக்கிய கோணலை வேலைக்காரனாக்கியதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. வளைந்த 12 பாகங்களை 4 தச்சர்கள் ஒரே நாளில் நிறுத்திவிட்டார்கள்.

கே: மழை பெய்தால் நிமிர்ந்துவிடாதா?

ப: வளைந்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிப் பூட்டிவிடுவார்கள், அப்புறம் வளைவு மாறாது. மேலே லார்ச் மரப் போர்வையும் உண்டு.

கே: அசைந்துகொண்டே இருக்கும் கட்டடம்?

ப: அதே குழு 2013-ல் செய்த ஹைக்ரோஸ்கின் என்ற சிறு கூடம். மெல்லிய மர இதழ்கள் வறண்ட நாளில் விரியும், ஈரக்காற்றில் மூடும். மோட்டார் கிடையாது.

கே: தேக்கில் செய்து பார்க்கலாமா அக்கா?

ப: தேக்கு வேண்டாம். குறைவாகச் சுருங்குகிறது என்றுதானே நிலை, கதவுக்கு அதைத் தேடுகிறோம்! வெனீர் எனும் மெல்லிய மரத்தாளில், இழை அகலவாக்கில் ஓடும்படி ஒரு நீளப் பட்டை வெட்டி, ஒரு பக்கம் முழுக்க செல்லோடேப் ஒட்டுங்கள். மறுபக்கம் தண்ணீர் தெளித்தால் டேப் பக்கமாகச் சுருளும். காயவிட்டு, திரும்பி எவ்வளவு நிமிர்கிறது என்று அளந்து எழுதுங்கள்.