பழைய பிக்கப் இன்னும் ஏன் வேலைக்குப் போகிறது?

பிக்கப் வண்டிகளைப் பற்றி வந்திருந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

கேள்வி: புது பிக்கப்பில் ஏசி, கேமரா, ஆட்டோமேட்டிக் கியர் எல்லாம் வந்துவிட்டது. அப்படியும் கட்டட வேலை, பிளம்பிங், தோட்ட வேலை செய்கிறவர்கள் 25, 30 வருஷத்து வண்டியை விடாமல் வைத்திருக்கிறார்களே, புதிது வாங்கப் பணம் இல்லாததாலா?

பணமும் ஒரு காரணம்தான். ஆனால் புதிது வாங்க வசதி இருப்பவர்களும் பழையதை விற்காமல் வைத்திருக்கிறார்கள். கேட்டால், "இது என்னை நடுவழியில் விட்டதே இல்லை" என்பார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், நிற்காத வண்டி கிடையாது. பழைய பிக்கப் நின்றால், பெரும்பாலும் நின்ற இடத்திலேயே கிளப்பிவிடலாம் என்பதுதான் விஷயம். அதோடு அதன் பழுதுகளில் பல, வருவதற்கு முன்னால் சத்தம் கொடுத்துவிட்டு வரும்.

டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப்பில் வந்த 22ஆர் பெட்ரோல் என்ஜினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டைமிங் செயினை, அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் சங்கிலியை, பிடித்து ஓட்டும் பிளாஸ்டிக் கைடு தேய்ந்து உடையும், இது அந்த என்ஜினின் ஊரறிந்த பலவீனம். உடையும் முன்பே, காலையில் முதல் ஸ்டார்ட்டில் என்ஜின் முன்பக்கத்திலிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வரும், ஆயில் பிரஷர் ஏறி டென்ஷனர் செயினை இறுக்கியதும் அடங்கிவிடும். அந்தச் சத்தத்தோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ரொம்பத் தள்ளிப்போட்டால் செயின் கவரை உரசி உரசி ஓட்டை போட்டு, கூலன்ட் ஆயிலில் கலந்துவிடும், அப்போது செலவு பெரிது. ஆனாலும் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டு, எந்த வாரம் வண்டியைப் பிரிக்கலாம் என்று நீங்களே முடிவு செய்கிற அவகாசம் கிடைக்கிறதே, வண்டியை நம்பிப் பிழைக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சுமை ஏற்றிய பழைய டீசல் பிக்கப் ஒன்றில் போய்க்கொண்டிருந்தபோது டேங்க் காலியாகி வண்டி நின்றுவிட்டது. டீசல் வாங்கி ஊற்றியும் எடுக்கவில்லை, லைனில் காற்று. ஓட்டுநர் பானெட்டைத் தூக்கி, ஃபில்டருக்கு மேலே இருந்த கைப்பம்பை உள்ளங்கையால் அமுக்க ஆரம்பித்தார். முதலில் பிடிப்பே இல்லாமல் போய் வந்த பம்பு, இருபது முப்பது அமுக்கில் கல் மாதிரி இறுகியது. அப்புறம் இன்ஜெக்டர் பைப் நட்டை 17 நம்பர் ஸ்பேனரால் லேசாகத் தளர்த்தி, என்னைச் சாவி திருகச் சொன்னார். நட்டின் ஓரத்தில் நுரை நுரையாக வந்தது, நுரை நின்று வெறும் டீசல் தெறித்ததும் இறுக்கிவிட்டு அடுத்த நட்டுக்குப் போனார். மூன்றாவது நட்டை இறுக்குவதற்குள் என்ஜின் உதறிக்கொண்டு எடுத்துவிட்டது. ஒரு ஸ்பேனர், ஒரு துணி, கால் மணி நேரம், அவ்வளவுதான். (இதைப் படித்துவிட்டு எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் புது காமன் ரெயில் என்ஜினில் யாரும் பைப் நட்டைத் தளர்த்தாதீர்கள். அந்த பைப்பில் 1000 பாரைத் தாண்டும் அழுத்தம் இருக்கும், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.)

உடம்பு வாகையும் சொல்ல வேண்டும். ஏணி மாதிரி தனிச் சேஸிஸ், அதன்மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் கேபினும் சுமை ஏற்றும் தொட்டியும், பின்னால் லீஃப் ஸ்பிரிங். தொட்டி நசுங்கிப்போனால் தொட்டியை மட்டும் கழற்றி வேறொன்று மாட்டலாம். தொட்டியின் பக்கச் சுவர் தாழ்வாக இருப்பதால் தரையில் நின்றபடியே கையை நீட்டி உள்ளே கிடக்கும் கருவியை எடுக்கலாம், சிமென்ட் மூட்டையை நெஞ்சுக்கு மேல் தூக்க வேண்டாம். இன்றைய பிக்கப்புகள் உயர்ந்தும் அகன்றும் போய்விட்டன. அமெரிக்காவில் சின்ன வண்டியாக ஓடிய ஃபோர்டு ரேஞ்சரை 2011-ல் நிறுத்தினார்கள், 2019-ல் அதே பெயர் திரும்பி வந்தபோது வண்டி ஒரு சுற்றுப் பெரிதாகியிருந்தது. சின்ன பிக்கப்தான் வேண்டும் என்கிறவர் பழையதை விடாமல் வைத்திருப்பதில் என்ன ஆச்சரியம்?

கேள்வி: எல்லாப் பழைய பிக்கப்பும் இப்படித்தானா, சில மாடல்கள் மட்டுமா?

சில மாடல்கள் மட்டும்தான். மற்றவை எப்போதோ இரும்புக் கடைக்குப் போய்விட்டன, அதனால் மிஞ்சியதை மட்டும் பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் செய்ததெல்லாம் உறுதி என்று சொல்லிவிடக் கூடாது. மிஞ்சியவற்றுக்குள் ஒரு ஒற்றுமை உண்டு. ஒரே என்ஜினைப் பெரிதாக மாற்றாமல் வருஷக்கணக்கில் செய்திருப்பார்கள், அதனால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமே வராது. ஃபோர்டின் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின் 1965 முதல் 1996 வரை வந்தது. அதில் டைமிங்குக்கு பெல்ட்டும் இல்லை, செயினும் இல்லை, பல்லோடு பல் கடிக்கும் கியர்தான். டாட்ஜ் ராமில் 1989 மாடலிலிருந்து வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல், விவசாய எந்திரங்களுக்கும் லாரிகளுக்கும் என்று உருவான குடும்பத்தைச் சேர்ந்தது, 1998 வரை வந்த 12 வால்வு என்ஜினில் முழுக்க மெக்கானிக்கல் பம்புதான். டொயோட்டாவின் லேண்ட் குரூசர் 70 வரிசை 1984-ல் வந்தது, இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். அதில் வரும் 4.2 லிட்டர் 1எச்இசட் டீசலை ரோடே இல்லாத இடங்களில் வேலை செய்யும் நிவாரணக் குழுக்கள் கேட்டு வாங்குகின்றன. பெஜோ 504 பிக்கப்பை ஆப்பிரிக்காவில் ஓட்டித் தீர்த்திருக்கிறார்கள். ஹைலக்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1987-ல் ஆப்பிரிக்காவில் சாடு நாட்டுக்கும் லிபியாவுக்கும் நடந்த சண்டைக்கே, டொயோட்டா பிக்கப்புகளை வைத்துச் சண்டை போட்டதால், 'டொயோட்டா போர்' என்று பெயர் வந்துவிட்டது.

கேள்வி: பழைய டீசல் வண்டி பேட்டரி இல்லாமலும் ஓடும் என்கிறார்களே?

ஸ்டார்ட் ஆன பிறகு, ஏறக்குறைய உண்மை. டீசலைச் செலுத்தும் பம்பை என்ஜினே சுற்றுகிறது. பெரும்பாலான வண்டிகளில் டீசலைத் திறந்து மூடும் ஒரு சின்ன சாலினாய்டுக்கு (கரன்டில் இயங்கும் அடைப்பானுக்கு) மட்டும் கரன்ட் வேண்டும். ஸ்டார்ட்டர் போய்விட்டாலும், மேனுவல் கியர் என்பதால், தள்ளி எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கரும்புகை விடுகிற, ஏர்பேக் இல்லாத வண்டியைப் போற்றுவது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதெல்லாம் பாதி உண்மையாகிவிடும். டீசல் புகை புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. புது வண்டியில் இருக்கும் புகைக்கரி ஃபில்டரைத் தொல்லை என்று திட்டுகிறார்கள். தினமும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்வதும் உண்மை, உள்ளே சேர்ந்த கரி எரிய கொஞ்ச தூரம் விடாமல் ஓட வேண்டும். ஆனால் அது பிடித்து வைக்கிற கரி இல்லாவிட்டால் பின்னால் வருகிறவரின் நுரையீரலுக்குத்தான் போகும். மோதினாலும் பழைய வண்டியில் உங்களைக் காப்பாற்ற சீட் பெல்ட்டை விட்டால் ஒன்றுமில்லை. அதனால் பழையதை ஓட்டுகிறவர் டயர், பிரேக், ஸ்டியரிங் மூன்றிலும் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. கறுப்பாகப் புகை வந்தால் ஏர் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும், 'டீசல் வண்டி என்றால் அப்படித்தான்' என்பது தவறு. நெரிசலான நகரத்துக்குள் நாள் முழுக்க ஓட வேண்டிய வேலை என்றால் புது வண்டிதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

கேள்வி: அப்பா ஓட்டிய 1993 டீசல் பிக்கப், நாலு லட்சம் கிலோமீட்டர் ஆகிவிட்டது. ஆயில் குடிக்கிறது. என்ஜின் வேலை செய்யலாமா, விற்றுவிடலாமா?

முதலில் என்ஜினை விட்டுவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து சேஸிஸை ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வாருங்கள், லீஃப் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிராக்கெட்டுகளிலும், பின்சக்கரத்துக்கு மேலே வளையும் இடத்திலும், மண் அடைந்து ஈரம் நிற்கும் உட்புறத்திலும் இன்னும் கவனமாக. கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மந்தமாகி, துரு அடுக்கு அடுக்காக உதிர்ந்தால், அந்த வண்டிக்கு என்ஜின் வேலை செய்வது வீண். என்ஜினை ரீபோர் செய்யலாம் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது), பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போடலாம். அரித்துப்போன சேஸிஸில் ஒட்டுப் போட்டு அதன்மேல் சுமை ஏற்றுவது ஆபத்து.

சேஸிஸ் தேறிவிட்டது என்றால், என்ஜின் சூடாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். அங்கே புகை விட்டு விட்டு வேகமாக ஊதினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அவ்வளவாக ஊதவில்லை, காலை ஸ்டார்ட்டில் மட்டும் நீலப் புகை வருகிறது என்றால் வால்வு சீலாக இருக்கலாம், அது சின்ன வேலை, அதற்காக முழு என்ஜினையும் பிரிக்க விடாதீர்கள். சேஸிஸ் தேறவில்லை என்றால் வண்டியை எடைக்குப் போட்டுவிடாமல், கியர்பாக்ஸ், ஆக்ஸில், கதவு, கண்ணாடி வரைக்கும் கழற்றி விற்றுவிடுங்கள். அதே மாடலை வேலைக்கு ஓட்டிக்கொண்டிருக்கும் யாரோ ஒருவர் அந்த கியர்பாக்ஸைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.