பட்டறைப் பதில்கள்: நெமோவின் சுருட்டு

போன மாதம் இந்தப் பக்கத்தில் என் மேஜைமேல் இருக்கும் நாட்டிலஸ் என்ற கதை நீர்மூழ்கிக் கப்பலின் மாதிரியைப் புகைப்படமாகப் போட்டுவிட்டார்கள். போர்வெல் மோட்டாரும் கதவு இறக்கமும் கேட்கிறவர்கள்கூட இந்த முறை கப்பலைத்தான் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த மாதம் கப்பல். மோட்டார்க்காரர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

ஐயா, என் பையன் பத்தாவது படிக்கிறான். ஜூல்ஸ் வெர்ன் எழுதிய ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்குகள்’ படித்துவிட்டு நாட்டிலஸைச் செய்யப்போகிறேன் என்கிறான். படம் தேடினால் ஒன்று முதலை மாதிரி இருக்கிறது, ஒன்று மீன் மாதிரி, ஒன்று சுருட்டு மாதிரி. எது அசல்? (திண்டுக்கல் வாசகர்)

சுருட்டுதான். நீண்ட உருளை, இரண்டு முனையும் கூம்பு, பார்வைக்குச் சுருட்டு என்று நாவலில் அந்தக் கப்பலின் கேப்டன் நெமோவே சொல்லிவிடுகிறார். முட்டைக் கண்ணும் ரம்பப் பல்லும் 1954-இல் வந்த டிஸ்னி படத்துக்காக ஹார்ப்பர் காஃப் வரைந்தவை. அழகான வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது சினிமாவின் கப்பல். பையன் படித்தது நாவல் என்றால் நாவலின் கப்பலையே செய்யட்டும். நீளம் 70 மீட்டர், நடு விட்டம் 8 மீட்டர்.

இங்கே என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவையில் 31 வருஷம் பவுண்டரிகளில் பேட்டர்ன் செய்தவன் நான். பம்ப் உறையை வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுப்பதுதான் பேட்டர்ன் வேலை. மரத்தின் கன அளவைப் பார்த்து எத்தனை கிலோ இரும்பு இறங்கும் என்று சொல்வது எங்களுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஓய்வு பெற்றதும் முதல் நாட்டிலஸை ஒரு பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அதில் நீளம் 232 அடி, அகலம் 26 அடி, கொள்ளளவு 1500 கன கஜம். இந்த மூன்றும் சேரவே இல்லை. நடுவில் உருளையே வைக்காமல் இரண்டு கூம்பை அடியோடு அடி ஒட்டினால்கூட 1500 கன கஜத்தைத் தாண்டிவிடுகிறது! இரண்டு மாமரக் கட்டை வீணானதுதான் மிச்சம்.

பிறகு பாண்டிச்சேரியில் பிரெஞ்சு தெரிந்த நண்பர் ஒருவர் மூலத்தை எடுத்துப் போனில் படித்தார். அதில் இருப்பது கன மீட்டர். மொழிபெயர்த்தவர் அலகை மாற்றிவிட்டு எண்ணை அப்படியே விட்டிருக்கிறார். மூலத்தின் எண்கள் இவை: மேற்பரப்பு 1011.45 சதுர மீட்டர், கன அளவு 1500.2 கன மீட்டர், மேலே மிதக்கும்போது பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள், அதாவது 1356.48 கன மீட்டர்.

கடைசி எண் எனக்கு உறுத்தியது. 1500.2-இல் பத்தில் ஒன்பது 1350.18 அல்லவா? 1356.48-ஐ ஒன்பதால் வகுத்துப் பத்தால் பெருக்கினேன். 1507.2 வந்தது. சரி, இந்த 1507.2 எந்த உருவத்துக்கு வரும்? நடுவில் 10 மீட்டர் உருளையும் இரு பக்கமும் 30 மீட்டர் கூம்பும் வைத்து, பள்ளிக்கூடத்தில் போடுவதுபோல 3.14 வைத்துப் பெருக்கினேன். உருளை 502.4. ஒவ்வொரு கூம்பும் 502.4. மூன்றையும் கூட்டினால் 1507.2, புள்ளி பிசகவில்லை. மேற்பரப்பையும் போட்டேன்: 1011.47. நாவலில் உள்ளதற்கும் இதற்கும் வித்தியாசம் 0.02, கூம்பின் சாய்வு நீளத்தில் தசமத்தை எங்கே வெட்டினோம் என்பதில் வருவது. ஆக வெர்ன் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். 1500.2 என்ற இடத்தில் ஒரு ஏழு மட்டும் விழுந்துபோயிருக்கிறது.

அப்போது ராத்திரி பதினொன்றரை மணி. வீட்டம்மாவை எழுப்பிச் சொன்னேன். “கப்பல் கிடைச்சிருச்சா? சரி, படுங்க” என்றார்.

ஆகவே பையனிடம் சொல்லுங்கள்: வயிறு புடைத்த சுருட்டு வேண்டாம். இரண்டு பக்கமும் சீவிய பென்சில்தான் நாட்டிலஸ்.

தாத்தா, எங்களிடம் லேத் எல்லாம் இல்லை. சார்ட் பேப்பரில் செய்யலாமா? (எட்டாம் வகுப்பு மாணவி, காரைக்குடி)

தாராளமாகச் செய்யலாம் கண்ணு. 1:200 அளவை எடுத்துக்கொள். 70 மீட்டர் 35 செ.மீ. ஆகிவிடும், 8 மீட்டர் 4 செ.மீ. ஆகிவிடும். தோட்டத்துக்குப் போடும் 40 மி.மீ. பிவிசி குழாய்க்கு வெளிவிட்டம் சரியாக 4 செ.மீ. கடையில் ஒன்றேகால் இஞ்ச் என்றால்தான் எடுத்துத் தருவார்கள். எதற்கும் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு வாங்கு. அதில் 5 செ.மீ. துண்டு போதும், அதுதான் நடு உருளை.

கூம்புக்குக் காம்பஸை 15.1 செ.மீ. விரித்து வில் போடு. நடுப்புள்ளியில் 47.6 டிகிரி அளந்து இரண்டு கோடு இழு. பாகைமானியில் 48-க்கு ஒரு மயிரிழை உள்ளே வைத்தால் சரி. ஒட்டுவதற்கு அரை செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டு. சுருட்டி ஒட்டினால் 15 செ.மீ. உயரக் கூம்பு நிற்கும். இப்படி இரண்டு. ஒட்டு விழும் பக்கத்தைக் கீழே திருப்பி வை, மேலே வைத்தால் பெயிண்ட் அடித்த பிறகும் தழும்பு தெரியும். பெவிகாலில் தண்ணீர் கலந்து இரண்டு பூச்சு கொடுத்துக் காயவை. அப்புறம் பட்டி, அப்புறம் நைஸ் உப்புத்தாள். அவசரப்பட்டு ஈரத்தில் தேய்க்காதே. என் பேத்தி அப்படித்தான் தேய்த்து ஒரு கூம்பைப் பஞ்சாக்கினாள்.

முன் கூம்பின் நுனியை மட்டும் ஒரு செ.மீ. வெட்டிவிடு. அங்கேதான் எதிரிக் கப்பலைக் குத்தும் எஃகு முனை வரும். அதை உருண்டையாகச் செய்கிறவர்கள் நாவலின் முதல் அத்தியாயத்தைப் படிக்காதவர்கள். ஸ்கோஷியா என்ற கப்பலில் விழுந்த ஓட்டை, நீர்மட்டத்துக்கு இரண்டரை மீட்டர் கீழே, இருசமபக்க முக்கோணமாக இருந்தது என்று அதில் வருகிறது. குத்திய முனையும் மூன்று பட்டையாகத்தானே இருக்க வேண்டும்? மூங்கில் குச்சியை மூன்று பட்டையாகச் சீவி ஒட்டு. பின்பக்க விசிறிக்கு விட்டம் 6 மீட்டர், உனக்கு 3 செ.மீ. டின் மூடியில் வெட்டலாம், பெரியவர்கள் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அந்த விசிறி நொடிக்கு 120 சுற்று சுற்றும் என்று நெமோ சொல்வதை மட்டும் நம்பாதே. 6 மீட்டர் விசிறி அப்படிச் சுற்றினால் அதன் நுனி தண்ணீரில் ஒலி போகும் வேகத்தையே தாண்டிவிடும்.

தொட்டியில் மிதக்குமா? (ஈரோடு வாசகர்)

மிதக்கும், ஆனால் காகிதத்தில் வேண்டாம். மரத்தில் கடைந்து வார்னிஷ் கொடுங்கள். 1:200 என்றால் எடை 80 லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் என்று வைத்தால், 1356.48 டன் உங்களுக்கு 170 கிராம். மரம், பெயிண்ட், அடியில் பதிக்கும் ஈயம் எல்லாம் சேர்ந்து 170 கிராமில் நின்றால் நாவலில் சொன்னபடியே பத்தில் ஒரு பங்கு மேலே இருக்கும். இன்னும் 19 கிராம் ஏற்றினால் மூழ்கும். ஈயத்தை அடியில் வைக்காவிட்டால் உருண்டுகொண்டே இருக்கும்.

தண்ணீரில் விட்ட அன்றைக்குத்தான் எனக்கு இன்னொன்று விளங்கியது. இரண்டு நுனியும் மூழ்கிவிடுகின்றன. நடு முதுகு மட்டும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக வெளியே தெரிகிறது. கதையில் ஊரே இதைத் திமிங்கிலம் என்று நினைத்ததில் தப்பே இல்லை.

நானும் ஓய்வு பெற்ற பொறியாளன். நாட்டிலஸைப் பாதியாக வெட்டி உள்ளே அறைகள் தெரிகிற மாதிரி செய்ய வரைபடம் போட்டேன். பெரிய வரவேற்பறை எங்கேயும் உட்காரவில்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? (நாகர்கோவில் வாசகர்)

சமாளிக்கவில்லை ஐயா. உட்காராது. கப்பலின் நடுவிலிருந்து முன்னோக்கி நெமோ வரிசையாகச் சொல்கிறார்: சாப்பாட்டு அறை 5 மீட்டர், நூலகம் 5, வரவேற்பறை 10, கேப்டன் அறை 5, கதையைச் சொல்லும் பேராசிரியர் அரோனாக்ஸின் அறை இரண்டரை, காற்றுத் தொட்டி ஏழரை. கூட்டினால் 35, சரியாகப் பாதிக் கப்பல். நீளத்தில் குறையே இல்லை. ஆனால் வரவேற்பறை மூக்கிலிருந்து 15-ஆவது மீட்டரில் ஆரம்பிக்கிறது. 30 மீட்டர் கூம்பில் 15-ஆவது மீட்டர் என்றால் பாதி வழி. அங்கே கப்பலின் மொத்த விட்டமே 4 மீட்டர். அறையோ 6 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம்!

வேடிக்கை என்னவென்றால், 6-க்கு 5 அறையின் மூலைவிட்டம் 7.81 மீட்டர். நடு உருளையின் 8 மீட்டருக்குள் மயிரிழையில் நுழைந்துவிடும், அதுவும் இரட்டைச் சுவரைக் கணக்கில் எடுக்காவிட்டால். நீளமும் பத்துக்குப் பத்து. வரவேற்பறையை நடுவில் வைத்து ஒரு கணக்கு, வரிசைப்படுத்தும்போது இன்னொரு கணக்கு என்று வெர்ன் போட்டிருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கையில் ஆதாரம் எதுவும் கிடையாது.

வெளியே எண்ணுக்குக் கட்டுப்படுவது, உள்ளே கதைக்குக் கட்டுப்படுவது என்று நான் வைத்துக்கொண்டேன். அதனால் கப்பலை வெட்டவே இல்லை. வரவேற்பறையைத் தனியாக ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் செய்தேன். நீங்கள் வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் உருளையை நீட்டிக் கூம்பைக் குறைக்க வேண்டியிருக்கும். அப்போது தயவுசெய்து 1507.2-ஐ மறந்துவிடுங்கள்.

வெளித் தகட்டில் ரிவெட் வைக்கலாமா? வழவழப்பாக விடலாமா? (சேலம் வாசகர்)

இரண்டுக்கும் நாவலில் ஆதாரம் இருக்கிறது! கடலில் விழுந்த அரோனாக்ஸ் முதன்முதலில் அதன்மேல் ஏறும்போது கருத்த முதுகு, வழவழப்பு, செதில் அடுக்கு இல்லை என்கிறார். ஏழு அத்தியாயம் தள்ளி அவரே வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, தகடுகள் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஊர்வனவற்றின் செதில் போல இருக்கின்றன என்கிறார். முதல் தடவை பார்த்தபோது ராத்திரி, உயிர் பிழைத்த பதற்றம் வேறு. நான் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். சிகரெட் அட்டையைப் பட்டை பட்டையாக வெட்டி, பின்னாலிருந்து முன்னால் ஒட்டிக்கொண்டே வாருங்கள். நிறம் கரும் எஃகு. பித்தளைப் பளபளப்பு வேண்டாம்.

இதைப் போர்க்கப்பல் என்று சொல்லலாமா? பீரங்கியே இல்லையே? (பெயர் இல்லாத கடிதம்)

கப்பலே ஒரு ஈட்டி. கதை முடிவுக்குப் பக்கத்தில், எந்த நாட்டுடையது என்று சொல்லப்படாத ஒரு போர்க்கப்பலை அது ஊடுருவி மூழ்கடிக்கும் இடத்தைப் படியுங்கள்.

நெமோ இந்தியர் என்கிறார்களே, உண்மையா? நம் கடலுக்கும் வந்தாராமே? (ராமநாதபுரம் வாசகர்)

இரண்டும் உண்மை, அதாவது கதைக்குள். முதலில் வெர்ன் அவரைப் போலந்துக்காரராகத்தான் நினைத்திருந்தார். பதிப்பாளர் ஹெட்ஸெல் ஒத்துக்கொள்ளாததால் முதல் நாவலில் நெமோவின் நாடு சொல்லப்படவே இல்லை. 1874-75-இல் வந்த ‘மர்மத் தீவு’ நாவலில்தான் அவர் பண்டேல்கண்ட் ராஜாவின் மகன், இளவரசர் டாக்கர், 1857 கிளர்ச்சியில் இறங்கிக் குடும்பத்தை இழந்தவர் என்று வெளியாகிறது.

ஆனால் முதல் நாவலிலேயே ஒரு இடம் இருக்கிறது. உங்களுக்கு எதிரே இருக்கிற மன்னார் வளைகுடா. முத்துக்குளிப்பு இன்னும் தொடங்காத ஜனவரி மாதம். ஒரு ஏழை தனியாகப் படகில் வந்து, கல்லைப் பிடித்துக்கொண்டு முங்கி முங்கிச் சிப்பி எடுக்கிறான். அவன்மேல் சுறா பாய்கிறது. ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த நெமோ கையில் குத்துவாளோடு அதன்மேல் விழுகிறார். கடைசியில் சுறாவைக் கொல்வது, கூட வந்த திமிங்கில வேட்டைக்காரன் நெட் லேண்டின் ஈட்டி. பிழைத்தவன் கையில் நெமோ ஒரு பை முத்தைக் கொடுத்துவிட்டு நடக்கிறார். பிறகு அரோனாக்ஸ் கேட்கும்போது, அந்த மனிதன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டுக்காரன், நானும் அந்த நாட்டுக்காரன்தான் என்கிற பொருளில் பதில் சொல்கிறார்.

இந்தக் காட்சியைச் செய்து தரச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். ஒரு சங்கடம். அந்தக் காட்சியில் நாட்டிலஸே கிடையாது. கப்பலைத் தூரத்தில் நிறுத்திவிட்டுச் சின்னப் படகில்தான் வருகிறார்கள். 1:200-இல் அந்தப் படகு ஒரு புளியங்கொட்டை அளவுதான் வரும். அதனால் தனியாக 1:50-இல் தொடங்கியிருக்கிறேன். படகு ஆயிற்று. சுறாவைக் களிமண்ணில் மூன்று முறை பிடித்துவிட்டேன். பேத்தி இன்னும் அதைக் கெளுத்தி என்றுதான் சொல்கிறாள்.